தம்பியின் காறை எலும்பும் 3600 வருஷத்துக் கட்டும்

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாகிட்டேர்ந்து போன். ஊர்ல அப்போ விடிஞ்சிருந்தது. தம்பி (15 வயசு) சைக்கிளோட விழுந்து காறை எலும்பை உடைச்சுக்கிட்டான். காலர் போன்னு சொல்வோமே, அதேதான். ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணும்கிறார். இன்னொருத்தர் கையைத் துணித் தொட்டில்ல கழுத்துலேர்ந்து தொங்கவிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டார். பாட்டி புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிக்கச் சொல்றா. "நீதான் படிச்சவனாச்சே, என்னப்பா பண்றது?"

நான் படிக்கிறது சிவில் இன்ஜினியரிங். ஆனாலும் தூக்கம் போச்சு, படிக்க உக்காந்தேன். மருத்துவம் தேடப் போய் சரித்திரத்துல மாட்டிக்கிட்டேன்.

1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்சரில் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். எழுதப்பட்டது கி.மு. 1600 வாக்கில். அடிபட்டவர்களைப் பற்றிய 48 குறிப்புகள். அதில் 35-வது குறிப்பு, உடைந்த காறை எலும்பு! ஆளை மல்லாக்கப் படுக்க வை, முதுகில் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் துணியை மடித்து வை, தோள்களை விரித்து எலும்பை இடத்துக்குக் கொண்டு வா, துணியால் கட்டு, பிறகு தினமும் தேன் தடவு. முக்கியமான வரி, 'இது நான் குணப்படுத்தக்கூடியது' என்ற தீர்ப்பு. சில காயங்களுக்கு அந்த வைத்தியர் நேராகவே கையை விரித்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிரேக்கத்து ஹிப்போகிரட்டிஸ் பேரில் வரும் மூட்டுகள் பற்றிய நூல். காறை எலும்பு உடைந்தவன் முதலில் பயந்து போய் வைத்தியரிடம் ஓடுவான். நாலு நாளில் வலி குறையும், நடக்கலாம், சாப்பிடலாம், அலட்சியம் வந்துடும். வைத்தியரும் எலும்பை அழகாக நேராக்க முடியாததால் மெதுவாக நழுவிடுவார். அதற்குள் எலும்பு தானே கூடிவிடும்! இதைப் படிச்சிட்டு ராத்திரி தனியா சிரிச்சேன்.

நேராக்க முடியாததுக்குக் காரணம் இருக்கு. பெரும்பாலும் நடுவில்தான் உடையும். கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும், கையின் கனம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கும். எந்தக் கட்டு போட்டாலும் நழுவும். (பீம் நடுவில் உடைஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா!) இருந்தும் தோள்களைப் பின்னால் இழுத்து எட்டு வடிவத்தில் கட்டும் வழக்கம் ரொம்ப காலம் நீடித்தது. 1987-ல் டென்மார்க்கில் அதையும் சாதாரணத் தொட்டிலையும் ஒப்பிட்டார்கள். எலும்பு கூடுவதில் வித்தியாசமே இல்லை, எட்டுக் கட்டு போட்டவர்களுக்குத்தான் அவஸ்தை அதிகம்.

இங்கிலாந்து ராஜா மூன்றாம் வில்லியம் 1702-ல் குதிரை இடறி விழுந்து இதே எலும்பை உடைத்துக்கொண்டு கொஞ்ச நாளில் இறந்துபோனார். கொன்றது எலும்பு இல்லை, நுரையீரல் காய்ச்சல். இதை அம்மாகிட்ட சொல்லலை.

1960-ல் நியூயார்க்கின் சார்லஸ் நீர் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆபரேஷன் இல்லாமல் பார்த்த 2235 பேரில் எலும்பு கூடாமல் போனது 3 பேருக்குத்தான். டாக்டர்கள் ரொம்ப நாள் நிம்மதியா இருந்தாங்க. 2007-ல் கனடாவில் 132 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதைக் கலைத்தது. துண்டுகள் முழுசா விலகிய பெரியவர்களுக்கு பிளேட் வைத்தால் பலன் மேல் என்றது. அதுக்கப்புறம் பிள்ளைகளுக்கும் பிளேட் வைப்பது கூடிப்போச்சு. ஆனால் 10 முதல் 18 வயசுக்காரர்களை மட்டும் பார்த்த அமெரிக்க ஆய்வு 2022-ல் வந்தது. முழுசா விலகியிருந்தாலும், ரெண்டு வருஷம் கழிச்சு கையின் செயல்பாட்டில் ரெண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

எலும்பு தோலைக் குத்திக்கிட்டு நிக்குதா, விரல் மரத்துப் போகுதான்னு மட்டும் டாக்டரைக் கேட்கச் சொன்னேன். அப்படியிருந்தா கதையே வேற. இல்லைன்னதும் அப்பா தொட்டில்னு முடிவு பண்ணிட்டார். பாட்டிக்குக் கோபம், ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

நாலாவது நாளே தம்பி வலி இல்லைன்னு தொட்டிலைக் கழட்டிட்டு கேரம் ஆடியிருக்கான். ஹிப்போகிரட்டிஸ் சொன்ன அதே ஆள்! அம்மா திட்டி மறுபடி மாட்டிவிட்டா. ரெண்டு மாசத்துல கை மேலே போச்சு. கூடின இடத்துல ஒரு முடிச்சு மட்டும் இருக்கு. சட்டை பட்டனைத் திறந்து வீடியோவுல காட்டினான்.

"டேய் அண்ணா, இதைத் தொட்டுப் பாக்க பசங்க கியூல நிக்கிறாங்கடா."