ரசீது இல்லாத பணம்: கல்லூரிக் கட்டணம் வந்த வழி

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் நாட்களை ஒட்டியே நம் ஊர் வீடுகளில் கல்லூரிச் சேர்க்கைப் பேச்சும் நடக்கிறது. "எந்தக் காலேஜ்?" என்று ஒருவர் கேட்டால், அடுத்த கேள்வி "எவ்வளவு கேட்டாங்க?" என்பதுதான். "கட்டணம் எவ்வளவு?" என்று யாரும் கேட்பதில்லை. கட்டணம் என்பது எழுதி வைத்திருப்பது, கேட்பது என்பது வேறு. இந்த இரண்டும் எப்போது பிரிந்தன, சட்டமும் நீதிமன்றமும் அவற்றை ஒட்ட வைக்க என்ன பாடுபட்டன என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு தமிழ்நாடு அரசுக் கருவூலத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செலானும் ரசீதும் பார்த்தே வயதானவன். கருவூலத்தில் ஒரு ரூபாய் வந்தாலும் அது எந்தக் கணக்குத் தலைப்பில் வந்தது என்று எழுதியாக வேண்டும். தலைப்பு இல்லாத பணத்தை வாங்க முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த விஷயத்தையும் பார்க்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தவர். குடும்பத்தில் வசதி கிடையாது. திருப்பதி, வேலூர், சென்னை என்று படித்ததெல்லாம் உதவித்தொகையில். பி.ஏ.வுக்கு அவர் தத்துவம் எடுத்ததற்குக்கூட, படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். புத்தகம் வாங்கக் காசில்லாமல் போனது பின்னாளில் நாட்டுக்கு ஒரு தத்துவ அறிஞரைக் கொடுத்தது. அதே ராதாகிருஷ்ணன் தலைமையில்தான் 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. அது சொன்ன யோசனைகளின் வழியே பல்கலைக்கழக மானியக் குழு 1953-இல் உருவாகி, 1956-இல் சட்டப்படியான அமைப்பானது. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை வைத்துத்தான் இன்று தனியார் கல்லூரிகள் 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்று ஆகின்றன.

1953-ஆம் ஆண்டிலேயே மேற்குக் கடற்கரையில் இன்னொன்று நடந்தது. மணிப்பாலில் டாக்டர் டி.எம்.ஏ. பய், கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் மருத்துவர் மட்டுமல்ல, பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்ற வங்கியை நிறுவியவர்களில் ஒருவர். 1928-இல் வீடு வீடாகப் போய் தினம் இரண்டணா வாங்கிச் சேமிக்கும் 'பிக்மி' திட்டத்தைக் கொண்டு வந்த வங்கி அது. கல்லூரி கட்ட அரசிடம் பணம் இல்லையென்றால் படிக்க வருபவர்களிடமே வாங்கிக் கட்டலாம் என்பது அவர் வழி. அதற்கு 'கேப்பிடேஷன் ஃபீஸ்' என்று பெயர் வந்தது, அதாவது தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது. நாட்டில் மருத்துவர்கள் குறைவாக இருந்த காலம். அதனால் பலர் அதைக் குறையாகப் பார்க்கவில்லை, அந்தக் கல்லூரி நல்ல பெயரும் எடுத்தது. ஆனால் அந்த வழியைப் பின்பற்றி வந்தவர்கள் எல்லாரும் அதே நோக்கத்தோடு வரவில்லை.

தமிழ்நாட்டில் 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அந்த வருடம் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நம்மைச் சுற்றி அரக்கோணம், திருவள்ளூர், சென்னைச் சாலைகளில் வயல்கள் இருந்த இடங்களில் கல்லூரி வளைவுகள் எழுந்தன. அதற்கு முன் பொறியாளர் ஆக வேண்டுமென்றால் கிண்டி போன்ற சில கல்லூரிகள்தான். இடம் கிடைக்காத பையன் வேறு வழி பார்க்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் வந்ததால் நம் ஊரிலும் விவசாயி வீட்டில், நெசவாளர் வீட்டில் பொறியாளர்கள் உண்டானார்கள். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அதே காலத்தில்தான் 'டொனேஷன்' என்ற சொல்லும் நம் வீடுகளுக்குள் வந்தது.

1980-களின் கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் மகனைச் சேர்த்தார். நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். வீட்டம்மா நகை அடகுக் கடைக்குப் போனது. மொத்தப் பணத்தையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் பருவக் கட்டணத்துக்கு மட்டும் ரசீது கிடைத்தது. முதல் வருடமே பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் படிப்பை விட வேண்டியதாயிற்று. பணத்தைக் கேட்கப் போனவரிடம், "ரசீது எடுத்து வந்தீங்களா?" என்று கேட்டார்கள். ரசீது இருந்த பணத்தில் ஒரு பகுதி திரும்பியது. மஞ்சள் பையில் போனது போனதுதான். தினமும் பிறர் பணத்துக்கு ரசீது எழுதிக் கொடுத்த மனிதர் அவர்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரம் 1983-இல் கேப்பிடேஷன் கட்டணத்தைத் தடை செய்தது. கர்நாடகம் 1984-இல், தமிழ்நாடு 1992-இல் சட்டம் போட்டன. ஆனால் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. கர்நாடக அரசு 1989-இல் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு கட்டணப் பட்டியல் வெளியிட்டது. அரசு இடத்துக்கு வருடம் 2,000 ரூபாய். அரசு இடம் கிடைக்காத கர்நாடக மாணவருக்கு 25,000. வெளிமாநில மாணவருக்கு 60,000. அந்த 60,000 என் இரண்டு வருடச் சம்பளத்தைக் கூட்டினாலும் எட்டாத தொகை. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஆனால் முப்பது மடங்கு வித்தியாசம்!

மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் என்ற மாணவி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1992 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கல்வி ஓர் உரிமை, அரசே அனுமதித்தாலும் இப்படி வாங்குவது வெறும் பெயர் மாற்றிய கேப்பிடேஷன்தான் என்றது நீதிமன்றம். அடுத்த ஏழு மாதத்தில், 1993 பிப்ரவரியில், உன்னிகிருஷ்ணன் வழக்கில் பெரிய அமர்வு அதைக் கொஞ்சம் திருத்தியது. 14 வயது வரைதான் கல்வி முழு உரிமை, அதற்கு மேல் அரசின் வசதியைப் பொறுத்தது என்றது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் 'ஃப்ரீ சீட்', பாதி 'பேமென்ட் சீட்' என்று பிரித்தது. அந்த இரண்டு சொற்களும் நம் வீட்டுத் திண்ணை வரை வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பணம் கட்டிய பையனின் காசில் இலவச இடத்துப் பையன் படிப்பது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஃப்ரீ சீட் பலருக்கும் பட்டணத்தில் நல்ல பள்ளியில் படித்த பிள்ளைகளோடு போட்டி போட்டுத்தான் கிடைத்தது. 2002 அக்டோபர் 31 அன்று 11 நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. வழக்கின் பெயர் டி.எம்.ஏ. பய் அறக்கட்டளை, அதே மணிப்பால் டாக்டர் பெயரில் உள்ள அமைப்பு. கல்லூரி தன் கட்டணத்தைத் தானே வகுக்கலாம், வளர்ச்சிக்கு நியாயமான உபரி வைக்கலாம், ஆனால் கொள்ளை லாபமும் கேப்பிடேஷனும் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. எது நியாயம், எது கொள்ளை என்று யார் சொல்வது? 2003-இல் இன்னொரு தீர்ப்பு அதற்கு வழி சொன்னது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலம்தோறும் கட்டணக் குழு அமைக்கச் சொன்னது. முழுப் படிப்புக்கும் சேர்த்து முன்பணம் வாங்கக் கூடாது, ஒரு பருவம் அல்லது ஒரு வருடத்துக்கு மட்டுமே வாங்கலாம் என்றும் சொன்னது. 2005-இல் இனாம்தார் வழக்கில் 7 நீதிபதிகள் கேப்பிடேஷன் தடையை மறுபடி உறுதி செய்தார்கள்.

தமிழ்நாட்டுக் கட்டணக் குழு 2017-இல் பொறியியலுக்கு நிர்ணயித்ததைப் பாருங்கள். அரசு ஒதுக்கீட்டில் வருடம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. 'மேனேஜ்மென்ட் கோட்டா' என்றாலே கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்துக்கும் எழுதி வைத்த எல்லை உண்டு.

நம் ஊருக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. நடத்திய போராட்டத்தை மூத்தவர்கள் அறிவார்கள். நகரி அந்தப் பக்கமே இருந்துவிட்டது. அன்று போட்ட கோடு இன்று கட்டணத்தையும் பிரிக்கிறது. அந்தப் பக்கம் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி காலத்தில் அரசே கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் 'ரீஇம்பர்ஸ்மென்ட்' பெரிதாக விரிந்தது. இந்தப் பக்கம் 2010-இலிருந்து முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் நகரியிலும் ஒருவர் திருத்தணியிலும் இருந்தால், பிள்ளைகளுக்கு வேறு வேறு கணக்கு. பஸ்ஸில் அரைமணி நேரம் என்று நம் பிள்ளையை ஆந்திரக் கல்லூரியில் சேர்த்தால், இங்குள்ள முதல் பட்டதாரிச் சலுகை கூட வராது. கேட்காமல் சேர்த்துவிட்டுத் தவிப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. நைஜீரியாவில் 1999-இல்தான் முதல் மூன்று தனியார் பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் கிடைத்தது. அங்கே மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் 'கல்விக் கட்டணம்' என்று ஒன்று கிடையாது, ஆனால் வேறு பல பெயர்களில் பணம் உண்டு. நான் படித்த மொழியின் நாடான பிரான்சில், அரசுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு 2019-இல் வருடம் 170 யூரோதான். அதே வருடம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு 2,770 யூரோ என்றார்கள். வழக்கு அங்கும் போனது. உயர்கல்வியும் இலவசம் என்ற கொள்கைக்குள் வரும், மிதமான கட்டணம் வாங்கலாம் என்று 2019 அக்டோபரில் அரசியலமைப்பு மன்றம் சொன்னது. பிரெஞ்சில் இந்தச் சேர்க்கைக் கட்டணத்துக்கு 'த்ருவா தென்ஸ்க்ரிப்ஸியோன்' என்று பெயர். 'த்ருவா' என்றால் கட்டணம், 'த்ருவா' என்றாலே உரிமையும்கூட. பணத்தைக் கட்டியவனுக்கு உரிமை வந்துவிடுகிறது, அந்த உரிமைக்குச் சான்று கையில் உள்ள சீட்டு. மஞ்சள் பையில் கொடுத்தவருக்கு இல்லாமல் போனது அதுதான்.

பேரன் பேத்தியைச் சேர்க்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு, இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

கட்டணச் சீட்டைத் தலைப்பு வாரியாகக் கேட்டு வாங்குங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, பஸ், திரும்பத் தரும் முன்வைப்பு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். 'இதர' என்று ஒரு பெரிய தொகை இருந்தால் அது என்ன என்று கேளுங்கள். கல்விக் கடன் தரும் வங்கியும் சீட்டில் உள்ளதைத்தான் பார்க்கும். வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவும் கல்விக் கட்டணத்தை மட்டும்தான் ஒப்புக்கொண்டது, நன்கொடையையும் வளர்ச்சி நிதியையும் தள்ளிவிட்டது. கட்டணம் வேறு, நன்கொடை வேறு என்பதை அரசே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சேர்ந்த பிறகு விலக நேர்ந்தால் பயப்பட வேண்டாம். மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பே விலகினால் கட்டிய கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும். செயல்முறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். பிறகு கடைசி நாள் வரை 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாட்களுக்குள் 80, அதற்குப் பின் 30 நாள் வரை 50. அதற்கும் மேல் போனால் ஒன்றும் வராது. சில வருடங்களில் இதைவிடத் தாராளமாகவும் அறிவித்திருக்கிறார்கள், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அந்த விதி அனுமதிக்கவில்லை.

இதெல்லாம் ரசீது இருக்கும் பணத்துக்கு மட்டும்தான். அதனால் பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு ரசீது தருவீங்களா?" தருவோம் என்றால் அதில் எந்தத் தலைப்பு எழுதுவார்கள் என்பதையும் கேளுங்கள். முகம் சுளித்தால், எழுந்து அடுத்த கல்லூரிக்குப் போங்கள். 1984-இல் வேறு கல்லூரி இல்லாமல் இருந்தது. இன்று இடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளே நிறைய இருக்கின்றன.