அஞ்சல்வழிச் சதுரங்கமும் கணினியும்

எதிரெதிரே அமராமல், ஒவ்வொரு நகர்த்தலையும் கடிதத்தில் எழுதி அனுப்பி ஆடுவது அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆகும். 1824இல் இலண்டன், எடின்பரோ கழகங்கள் தொடங்கிய போட்டி 1828இல்தான் முடிந்தது. எடின்பரோ வென்றது. 'ஸ்காட்ச் ஆட்டம்' என்ற தொடக்கமுறைக்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் நேரம் உண்டு. நூல்களைப் புரட்டலாம், காய்களை நகர்த்திப் பார்க்கலாம், அது குற்றமன்று. எனவே கணினி வந்தபோது எது உதவி, எது ஏமாற்று என்று பிரிப்பது கடினமாயிற்று. அஞ்சல்வழி உலக வாகையர் பட்டத்தை 1968இல் வென்ற ஹான்ஸ் பெர்லினரே பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'ஹைடெக்' என்னும் சதுரங்கக் கணினியை உருவாக்கினார் என்பது வியப்புக்குரியது.

இன்று ஆட்டம் இணையத்தில் நடக்கிறது. பல தளங்கள் நூல்களை அனுமதித்து, கணினி நிரலைத் தடுக்கின்றன. 1951இல் தோன்றிய பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்போ நிரலை அனுமதிக்கிறது. வீட்டிலிருந்து ஆடுபவரைக் கண்காணிப்பது எளிதன்று. இதற்கு விலையும் உண்டு. அதன் உயர்நிலைப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமனிலேயே முடிகின்றன.