மெஷினுக்கு வாய் முதல்ல, காது அப்புறம்

ஏ.ஐ.கிட்ட பேசிப் பேசியே இங்கிலீஷ் பழகுறதுதான் இப்ப ஃபேஷன். என்னமோ நேத்து முளைச்ச சமாச்சாரம் மாதிரி பேசிக்கிறாங்க. இல்லைங்க, இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு.

எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃப் செய்தார். 1901-ல் லண்டனில் ஜாக் ராஸ்டன் லிங்குவாஃபோன் கம்பெனியை ஆரம்பித்தார். ஒலிப்பதிவு சொல்லும், நாம திருப்பிச் சொல்லணும். நாம சொன்னது சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது. வாய் உண்டு, காது இல்லை :-)

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவுக்கு உதறல் எடுத்தது. 1958-ல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டு வந்து, அயல்மொழிப் படிப்புக்கும் பணத்தைக் கொட்டினார்கள். பள்ளிகளில் மொழி ஆய்வகங்கள் பெருகின. ஹெட்ஃபோன், டேப் எல்லாம் சரி. ஆனா பையன் பேசுறதைக் கேட்டுத் திருத்த வாத்தியார்தான் வேணும்.

மெஷினின் காது தனி ரூட்டில் வளர்ந்தது. 1952-ல் பெல் லேப்ஸின் 'ஆட்ரி'க்கு எண்கள் மட்டும்தான் புரியும். 1962-ல் ஐ.பி.எம். காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 வார்த்தை. 1966-ல் வைசன்பாமின் 'எலிசா' உரையாடியது, ஆனா டைப் அடிச்சாத்தான். 1997-ல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங், நிறுத்தாம பேசினாலும் எழுதித் தந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி, 2023 செப்டம்பரில் அதுக்குப் பேச்சு. வாயும் காதும் ஒண்ணு சேர்ந்தாச்சு.

சரி, யாரோட பேச்சு கேட்டுப் பழகின காது அது? 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பெரிய கம்பெனிகளின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்குச் சுமார் 19 வார்த்தை பிழை, கறுப்பர் பேச்சில் 35. பிறந்ததிலிருந்து இங்கிலீஷே பேசுற அமெரிக்கர்களுக்கே இந்தக் கதின்னா, நம்ம ஊர் உச்சரிப்போட பேசுற பிள்ளை என்ன செய்யும்? 'தப்பு'ன்னு திரையில் வந்தா தன் நாக்கைத்தானே குறை சொல்லிக்கும்!

இன்னொரு பக்கமும் உண்டு. இப்ப வர்றதுங்க நாம குளறினாலும் முன்பின் பார்த்து யூகிச்சுக்குது. அதுக்குப் புரிஞ்சா மனுஷனுக்கும் புரியும்னு அர்த்தமில்லை.

கூச்சம் போக தாராளமா அதுகிட்ட பேசலாம், சிரிக்காது, சலிச்சுக்காது. ஆனா மார்க் போடுற வேலையை மனுஷக் காதுக்கே விடணும்ங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?