தலைத்துணியும் தெரிவும்: மேற்குலகில் ஹிஜாப்

எங்கள் ஆட்களுக்குள் ஹிஜாப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வசனங்களுக்குள் தீர்ப்பும் வந்துவிடும். ஒன்று, "பாவங்கள், கட்டாயப்படுத்திப் போட வைக்கிறார்கள்." மற்றது, "இந்த நாட்டுக்கு வந்தால் இந்த நாட்டுக்காரர் மாதிரி இருக்க வேண்டியதுதானே." பிரான்சில் இருபது வருடங்களுக்கு மேலாக வாழ்ந்து, அதில் பெரும்பகுதியை ஒரு நகரசபைப் பாடசாலையின் உணவுக்கூடத்தில் வேலை செய்து கழித்தவள் நான். இந்த இரண்டு தீர்ப்புகளும் விடயத்தின் பாதியைக்கூடத் தொடுவதில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஊரில் நாம் எல்லாவற்றையும் 'பர்தா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஹிஜாப் என்பது தலைமயிரையும் கழுத்தையும் மறைக்கும் துணி, முகம் தெரியும். நிகாப் கண்களைத் தவிர முகத்தை மூடுவது. புர்காவில் கண்களுக்கு முன்னாலும் வலைத்துணி இருக்கும். அபாயா என்பது உடலை மூடும் நீண்ட அங்கி. சட்டங்கள் இவற்றை ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதனால்தான் "பிரான்சில் ஹிஜாப் தடை" என்று ஒரு வரியில் செய்தி போடுவது பிழையாகிவிடுகிறது. பிரான்சின் வீதியிலோ, கடையிலோ, பேருந்திலோ, பல்கலைக்கழக வகுப்பிலோ ஹிஜாப் அணிவது குற்றமல்ல.

பிறகு எங்கே தடை? கதை 1989 இல் தொடங்குகிறது. பாரிஸுக்கு வடக்கே உள்ள கிறேய் நகரத்தில், வகுப்பில் தலைத்துணியைக் கழற்ற மறுத்த மூன்று மாணவிகள் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. அரசையும் மதத்தையும் பிரித்த 1905 ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுக்காரருக்கு ஏறக்குறைய வேதம் போன்றது. ஆனாலும் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரச மன்றம் அந்த வருடம் நவம்பரில் தந்த கருத்து மென்மையானது: மாணவி மத அடையாளம் அணிவது தன்னளவில் மதச்சார்பின்மைக்கு முரணல்ல, பிரசாரம், வற்புறுத்தல், வகுப்புக்கு இடையூறு என்று வந்தால் மட்டுமே தடுக்கலாம். அடுத்த 15 வருடங்கள் ஒவ்வொரு அதிபரும் தன் வாசலில் தானே நீதிபதியாக நிற்க வேண்டியிருந்தது. 2004 மார்ச் 15 ஆம் திகதிச் சட்டம் அதை முடித்து வைத்தது. அரச பாடசாலைகளில், உயர்தர வகுப்பு வரை, வெளிப்படையாகத் தெரியும் மத அடையாளம் எதுவும் கூடாது. தலைத்துணி, யூதரின் கிப்பா, சீக்கியரின் தலைப்பாகை, பெரிய சிலுவை எல்லாம் அதற்குள் அடங்கின. தனியார் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் அடங்கவில்லை.

முகத்தை மூடுவதற்கான தடை வேறு சட்டம். 2010 இல் நிறைவேறி 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தண்டம் 150 யூரோ வரை. 2014 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 'சேர்ந்து வாழ்தல்' என்ற காரணத்தை ஏற்று அதைச் செல்லுபடியாக்கியது. 2018 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழுவோ இதே தடையில் இரு பெண்களின் உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. 2023 இல் அபாயாவும் பாடசாலை வாசலில் தடுக்கப்பட்டது. அரச மன்றம் தடையை நிறுத்த மறுத்தது. ஒரு நீண்ட சட்டையைப் பார்த்து இது மதமா, உடுப்பா என்று வாசலில் நின்று முடிவெடுக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது தடை, பலர் கவனிக்காதது: அரச ஊழியர்கள். எங்களைப் போல் சமையலறையில் நிற்பவர்களும் இதில் அடக்கம். என்னோடு வேலை செய்யும் அல்ஜீரியப் பெண் தினமும் காலையில் உடுப்பு மாற்றும் அறையில் தன் தலைத்துணியைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைப்பார். பிறகு சுகாதார விதிப்படி நாங்கள் எல்லோரும் போடும் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொள்வார். ஒரு மயிரும் வெளியில் தெரியக் கூடாது என்று மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். எல்லோரும் தலையை மூடிக்கொண்டுதான் சோறு பரிமாறுகிறோம்; மூடும் காரணத்தில்தான் சட்டத்துக்கு அக்கறை.

அவர் துணி அணியத் தொடங்கியது 34 வயதில், தாயார் இறந்த பிறகு. வேலைக்கு ஆபத்து வரும் என்று வேண்டாம் என்றவர் கணவர். மூத்த மகள் அணிவதில்லை, இளையவள் அணிகிறாள். ஒரே வீட்டில் மூன்று பெண்கள், மூன்று முடிவுகள். எல்லா வீடும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. தகப்பனுக்கும் தமையனுக்கும் பயந்து அணியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2004 சட்டத்தை ஆதரித்த முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். பாடசாலை வாசலாவது தங்களுக்கு ஒரு மூச்சுவிடும் இடம் என்பது அவர்களின் வாதம். ஈரானில் 2022 இல் துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி காவலில் இருந்தபோது இறந்ததும், பெண்கள் வீதிக்கு இறங்கியதும் எமக்குத் தெரியும். அணியச் சொல்லும் அரசும் கழற்றச் சொல்லும் அரசும் ஒன்றல்ல, தண்டனையிலும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் பொது.

தடையால் என்ன நடந்தது? ஆய்வாளர்களிடையே ஒத்த பதில் இல்லை. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலா அப்தெல்காதிர், வசிலிகி ஃபூக்கா ஆகியோர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, 2004 சட்டம் முஸ்லிம் மாணவிகளின் இடைநிலைக் கல்வியைப் பாதித்ததாகக் கண்டது. 1994 இல் வந்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை ஆராய்ந்த வேறு இருவரோ, தடை மாணவிகளின் கல்வித் தேர்ச்சிக்கு உதவியதாக எழுதினார்கள். சட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ அடித்துப் பேசுபவர்கள் தமக்குப் பிடித்த ஆய்வை மட்டும் கையில் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏனைய நாடுகள் வேறு வழியில் போயின. இங்கிலாந்தில் 2006 இல் லூட்டன் நகர மாணவி ஷபீனா பேகம் தோற்ற வழக்கு, நீண்ட அங்கியான ஜில்பாப் பற்றியது. அந்தப் பாடசாலை சல்வாரையும் தலைத்துணியையும் ஏற்கெனவே அனுமதித்திருந்தது. அமெரிக்காவில் 17 வயதில் உடுப்புக் கடை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், துணி அணிந்திருந்ததால் வேலை மறுக்கப்பட்ட சமந்தா எலாஃபின் வழக்கில் 2015 இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆசிரியைகளுக்கு ஒட்டுமொத்தத் தடை பொருந்தாது என்று 2015 இல் சொன்னது.

நாம் இதை ஏன் பேச வேண்டும்? 1983 இல் என் தாயார் கொழும்பில் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினார். அந்தக் காலத்துத் தமிழ்ப் பெண்களுக்கு இது புதுக்கதையல்ல. உடம்பில் உள்ள ஓர் அடையாளம் எப்படி ஆபத்தாக மாறும் என்று எமக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் 2018 இல் திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, 'எமது பண்பாடு சேலை' என்று வாசலில் போராட்டம் நடத்தியவர்களும் நாமே. ஆசிரியைகள் இடமாற்றப்பட்டனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் அந்த ஆசிரியைகளுக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் அவசரகால விதியில் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டுமே. எனினும் முகம் திறந்திருந்த பெண்களும் வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் துணியைக் கழற்றச் சொல்லப்பட்டார்கள். சட்டம் ஒன்று சொல்ல, வாசலில் நிற்பவர் இன்னொன்றைச் செய்வது பிரான்சுக்கு மட்டும் உரியதல்ல.

கடைசியாகக் கனடா, அங்கே எமது மக்கள் அதிகம் என்பதால். கியூபெக் மாகாணம் 2019 ஜூனில் 21 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அரச பாடசாலை ஆசிரியர்கள், பொலிசார், அரச வழக்கறிஞர்கள் போன்றோர் பணியில் மத அடையாளம் அணியக் கூடாது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு, அதே பதவியில் இருக்கும்வரை விலக்கு உண்டு. 2021 டிசெம்பரில் செல்சி என்ற சிற்றூரில் ஓர் ஆசிரியை ஹிஜாபுக்காக வகுப்பிலிருந்து அகற்றப்பட்டபோதுதான் பலருக்கு உறைத்தது. அச்சட்டத்தின் வரைவிலக்கணம் தலைத்துணியோடு நிற்பதில்லை. மத நம்பிக்கையோடு தொடர்புபட்ட உடுப்பு, நகை, அணிகலன் எதுவும் அதற்குள் வரலாம். மொன்றியலில் ஆசிரியராக விரும்பும் எமது பிள்ளையின் கழுத்திலுள்ள சிலுவையும் உருத்திராட்சமும் சேர்த்துத்தான். மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் சட்டத்தை உறுதிப்படுத்தியது. அதற்கு எதிரான மேன்முறையீட்டை விசாரிக்கக் கனடிய உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் அனுமதி வழங்கியது.