அரசன் இறந்தபின்: ரசிக ஊகங்களும் கறுப்பு எதிர்காலமும்

சூப்பர்ஹீரோ படத்தின் அடுத்த பாகத்தில் யார் சாவார், யார் பிழைப்பார் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். 'இதுல என்னய்யா அரசியல் இருக்கு?' என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இருக்கிறது என்றே சொல்வேன். ஊகம் என்பது எதிர்காலம் பற்றிய ஒரு சொல்லாடல். யாருக்கு நாளை உண்டு, அந்த நாளையை எழுதும் கை யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் அதற்குள் கிடக்கின்றன. 'பிளாக் பாந்தர்' படங்களைச் சுற்றி 2018 முதல் 2022 வரை அமெரிக்கக் கறுப்பின ரசிகர்களிடையே நடந்த விவாதத்தை இந்த நோக்கில் வாசித்துப் பார்க்கலாம்.

காலனியம் தொடாத வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன் டிச்சாலா. 1966இல் மார்வெல் காமிக்ஸில் அவனைப் படைத்த ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் வெள்ளையர்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்தில் பிளாக் பாந்தர் கட்சி தோன்றியது. காமிக்ஸ் முந்திக்கொண்டாலும் பெயர் நிறுவனத்துக்குச் சங்கடமாகிவிட்டது. 1972இல் அரசியல் வாடை ஒட்டாதிருக்க 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிப் பார்த்தார்கள். சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்பினார்கள். நிறுவனம் எந்தப் பெயரைக் கண்டு ஒதுங்கியதோ, அதை அதே 1972இல் பம்பாயின் தலித் இளைஞர்கள் ஓக்லாந்துக் கட்சியிடமிருந்து எடுத்துச் சூடிக்கொண்டார்கள். தலித் பாந்தர் இயக்கத்தின் வழியாகத்தான் 'சிறுத்தை' என்ற சொல் நம் அரசியலுக்குள்ளும் வந்தது. பெயர் ஒன்றுதான். ஒருவருக்கு அது சரக்கு, மற்றவருக்கு அடையாளம்.

2018 பிப்ரவரியில் ரயன் கூக்ளரின் படம் வந்தது. டிச்சாலாவாக சாட்விக் போஸ்மன். ஹார்லெம் சிறுவர்களைப் படத்துக்கு அழைத்துப்போக நிதி திரட்டினார்கள். உலகெங்கும் வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டே மாதத்தில் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' வந்து டிச்சாலாவைத் தூசியாக உதிர்த்தது. ரசிகர்கள் அசரவில்லை. 'இவ்வளவு சம்பாதிச்சுக் கொடுத்த ஆளை எவன் சாகவிடுவான்?' என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு பலித்தது, 2019இல் அவன் திரும்பி வந்தான். பிரதியை வாசித்து அடைந்த ஊகமல்ல இது. மூலதனத்தின் தர்க்கத்தை ரசிகமனம் தன்னுடையதாகவே பழகிக்கொண்டிருந்தது.

அந்தத் தர்க்கத்தில் உடலுக்கு இடமில்லை. 2020 ஆகஸ்ட் 28 அன்று, 43 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் போஸ்மன் இறந்தார். 2016இல் கண்டறியப்பட்ட நோயை வெளியே சொல்லாமலே நடித்துவந்திருக்கிறார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸால் கொல்லப்பட்டு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊகத்தின் குரலே மாறிப்போனது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பேட்மேனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் எத்தனை முகங்கள் மாறின, வெள்ளை நாயகன் நடிகனைத் தாண்டி வாழ்கிறான், கறுப்பு அரசன் மட்டும் ஏன் நடிகனோடு புதைக்கப்பட வேண்டும் என்றது ஒரு தரப்பு. வேறு நடிகரைப் போடு என்று பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒரு கறுப்பு உடல் விழுந்ததும் இன்னொன்றை அந்த இடத்தில் நிறுத்துவது அடிமைச் சந்தையின் பழைய வழக்கம்தானே, துக்கத்துக்கு அவகாசம் கொடுங்கள் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு. தொடர்ச்சிக்கான உரிமை ஒன்று, மாற்றீடு செய்யப்படாதிருக்கும் உரிமை இன்னொன்று. அடிமை முறை இரண்டையும் சேர்த்தே பறித்திருந்தது.

ஆனால் பதில் எங்கே சொல்லப்பட்டது? 2020 டிசம்பர் 10 அன்று, முதலீட்டாளர்களுக்காக டிஸ்னி நடத்திய கூட்டத்தில். டிச்சாலாவாக வேறு நடிகர் வரமாட்டார் என்று அங்கேதான் அறிவித்தார் மார்வெல் ஸ்டூடியோஸ் தலைவர் கெவின் ஃபைகி. 2009இல் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கிய நிறுவனம் டிஸ்னி. துக்கமும் மனுவும் ரசிகர்களுடையவை, தீர்ப்பு சொத்துக்காரனுடையது. படைத்தவனுக்கே இங்கே இடமில்லை: 1958-63 காலத்தில் கிர்பி வரைந்த பாத்திரங்களுக்கு உரிமை கேட்ட அவர் வாரிசுகள் கோர்ட்டுகளில் தோற்று, 2014இல் சமரசத்துக்கு வந்தார்கள். ரசிகர்களின் இரு தரப்பும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். கதை ஏன் ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றது.

2022இல் வந்த 'வக்காண்டா ஃபாரெவர்' படத்தில் தங்கை ஷூரி சிறுத்தையாகிறாள். முடிவுக்குப் பிறகு ஒரு காட்சி: ஹைட்டியில் மறைவாக வளரும் டிச்சாலாவின் மகன். பெயர் டூசான். அடிமைகளின் புரட்சியை நடத்தி, 1803இல் பிரெஞ்சுச் சிறையில் இறந்த டூசான் லூவெர்சூரின் பெயர். பையன் எப்போது வளர்ந்து முகமூடி அணிவான் என்று ரசிகர்கள் மறுபடியும் வருஷம் எண்ணத் தொடங்கினார்கள்.

அந்தப் பெயர் வேறொரு கணக்கையும் நினைவூட்டுகிறது. 1804இல் ஹைட்டி விடுதலை பெற்றது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, பழைய எஜமானர்களின் நஷ்டத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அதை அடைக்க வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை இழுத்தது. விடுதலையானவர்களின் நாளையை அவர்களை அடிமைப்படுத்தியவர்களே அடமானம் பிடித்த கதை இது. ரசிகர்கள் ஊகிக்கட்டும், அதில் தப்பில்லை. அடமானப் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கும்போதுதான் ஊகம் அரசியலாகிறது.