ராயபுரத்துல இருந்து ஊட்டிக்கு: 54 வருஷம் லேட்டான ஒரு ரயில்

போன வருஷம் ஆகஸ்ட்ல அப்பா ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ராயபுரம்தான தென்னிந்தியாவுக்கே மொதல் ஸ்டேஷன்னு சொல்ற. அப்போ ஊட்டி ரயிலுக்கும் இங்கேர்ந்துதான் போயிருப்பாங்க?"

அப்பா ஹார்பர்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். வயசு 76. நிலக்கரி வேகன்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். மலை ரயிலைப் பார்த்ததில்லை. முழங்கால் போயிட்டிருக்கு, இந்த வருஷமாவது கூட்டிட்டுப் போகணும்னு டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். வழக்கம் போல டிக்கெட்டை விட்டுட்டு வரலாற்றுக்குள்ள போயிட்டேன்.

அவர் கேள்விக்கான சுருக்கமான பதில்: கிட்டத்தட்ட ஆமாம், ஆனால் இல்லை.

ராயபுரம் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று முதல் ரயில் வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கி.மீ., ஓடியது. மதராஸ் ரயில்வே கம்பெனியின் இந்தப் பாதைதான் அப்படியே மேற்கே நீண்டு, 1862-க்குள் சேலம், போத்தனூர் தாண்டி மலபார் கரையில் பேப்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை வந்தது 1873-ல். அதே 1873-ல்தான் சென்ட்ரல் ஸ்டேஷனும் திறக்கப்பட்டது. அதாவது மலையடிவாரத்துக்குத் தண்டவாளம் போன வருஷத்திலேயே ராயபுரத்தின் மவுசு குறைய ஆரம்பித்துவிட்டது. இப்போ பீச்சிலிருந்து எண்ணூர், கும்மிடிப்பூண்டி போற லோக்கல் வண்டியில அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டும்போது பாதிப் பேர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கிறதில்லை. நானும் காலேஜ் படிச்ச நாலு வருஷம் அப்படித்தான்.

இதைத் தேடும்போதுதான் ஒரு தேதி என்னை நிறுத்தியது. நீலகிரி மேல் ரயில் விடலாம் என்ற முதல் யோசனை வந்தது 1854-ல்.

1854! பம்பாய்–தாணா ரயில் ஓடி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மதராஸில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. ராயபுரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. சமதரையிலேயே வண்டி ஓடாத மாகாணத்தில், 2,200 மீட்டர் உயரத்துக்கு வண்டி விட யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள். எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரோட்மேப் வந்தா சிரிச்சிருப்போம். வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்களின் அவசரம்னு வச்சுக்கலாம். ஊட்டி பிறகு மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவே ஆனது. ஆனால் ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1908 அக்டோபரில். 54 வருஷம். இதற்குள் டார்ஜிலிங்காரர்கள் 1879-ல் ஆரம்பித்து 1881-லேயே முடித்துவிட்டார்கள். சிம்லாவுக்கு 1903-ல் ரயில் வந்துவிட்டது.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு லேட்? "வெள்ளைக்காரன் காசு செலவு பண்ணல" என்று நான் முதலில் நினைத்தேன். பாதிதான் சரி.

முதல் காரணம் மலையேதான். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கல்லாறு வரை பாதை கிட்டத்தட்ட சமதரை. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் உள்ள சுமார் 20 கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் நகர்ந்தால் எட்டு சென்டிமீட்டர் மேலே போகணும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் இவ்வளவு ஏற்றத்தைப் பிடித்து ஏறாது, வழுக்கும். டார்ஜிலிங் மாதிரி வளைத்து வளைத்து, முன்னே பின்னே போய் ஏறலாம் என்றால் அதற்கு ஏற்றம் இதைவிட மிதமாக இருக்கணும், பாதையும் நீளணும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்து, இன்ஜினில் பல்சக்கரம் வைத்து, பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். அப்படி மலை ஏறும் முதல் ரயில் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டனில் வந்தது 1869-ல். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871-ல். ஆக, 1854-ல் யோசனை சொன்னவர் கையில் அதற்கான தொழில்நுட்பமே இல்லை!

ரிகி ரயிலைக் கட்டிய நிக்லாஸ் ரிக்கன்பாக் 1882-ல் நீலகிரிக்கே வந்து மதிப்பீடு கொடுத்தார். அவர் திட்டத்தை வைத்து ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள். நிலம் இலவசமாக வேண்டும், முதலுக்கு வருமான உத்தரவாதம் வேண்டும் என்று அரசிடம் கேட்டது. அரசு மறுத்தது, உள்ளூர் முதலீட்டாளர்களும் ஒதுங்கினார்கள். இங்கேதான் காசு விஷயம் வருகிறது. ராயபுரம் பாதையைப் போட்ட மதராஸ் ரயில்வேக்கு அரசின் வட்டி உத்தரவாதம் இருந்தது. அதனால் லண்டனில் பங்கு விற்றது. மலைக்கு அந்தப் பிடிமானம் கிடைக்கவில்லை. அடுத்து வந்த கம்பெனிக்கு 1891 ஆகஸ்டில் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிப் போட்டார். அந்தக் கம்பெனி 1894-ல் திவாலானது. 1896-ல் இன்னொரு கம்பெனி மிச்சத்தை வாங்கி, 1899 ஜூனில் குன்னூர் வரை ரயிலை ஓட்டிக் காட்டியது. பிறகு அரசே பாதையை வாங்கி, ஊட்டி வரை நீட்டியது.

காலதாமதத்தில் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. ரிக்கன்பாக் முறை ஏணி மாதிரி, ஒற்றை வரிசைப் படி. அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவர் பிறகு வேறு முறை கண்டுபிடித்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். நீலகிரியில் இருப்பது இதுதான். சர்வர் ரிடண்டன்சி பற்றி தினமும் பேசுற எனக்கு இதைப் படிச்சப்போ ஆப்ட் மேல தனி மரியாதை வந்துடுச்சு.

இனி டிக்கெட் விஷயம். மலைப்பாதை மீட்டர்கேஜ், நம்ம ஊர்ப் பாதை பிராட்கேஜ். அதனால் 1899-லிருந்து இன்றைக்கு வரைக்கும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாறித்தான் ஆகணும். சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் கொண்டுபோய் விடும். 7:10-க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் கிட்டத்தட்ட. பல் தண்டவாளத்தில் மணிக்கு 13 கி.மீ.தான் உச்சபட்ச வேகம். ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் முன்னால் எதுவும் மறைக்காது. குன்னூர் வரை இடது பக்கம், அதற்கப்புறம் வலது பக்கம் பார்க்க நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் போகாதீங்க. நான் போட்டது நவம்பர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ரத்து. அப்பா ஒண்ணும் சொல்லல. பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து மறுபடி பீரோவில வச்சார். அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பிப்ரவரியில போனோம். ஹில்குரோவ்ல இன்ஜின் தண்ணி பிடிக்க நின்னுச்சு. குரங்குங்க பிஸ்கட்டுக்குச் சுத்திட்டிருந்துச்சு, எல்லாரும் செல்ஃபி. அப்பா கைத்தடியோட மெதுவா இறங்கி இன்ஜின்கிட்ட போனார்.

"கரி வாசனையே இல்லையேடா."

எண்ணெய்ல ஓடுற இன்ஜின்ப்பா, திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்ல செஞ்சதுன்னு சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் குனிஞ்சு தண்டவாளத்து நடுவுல அந்த ரெண்டு பல் பட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். ரோமன் ஆப்ட், 1854, திவால் எல்லாம் சொல்லலாம்னு வாயத் திறந்தேன்.

"ரெண்டு வச்சிருக்கான் பார். ஒண்ணு விட்டா ஒண்ணு புடிக்கும்" என்றார். கார்டு விசில் ஊதிட்டார், கையைக் கொடுத்து ஏத்தி விட்டேன்.