விலக்கு என்னும் அதிகாரம்: கொள்ளைநோயும் ஆலைச் சட்டமும்

கொள்ளைநோய் என்றதும் நம் நண்பர்கள் ஃபூக்கோவிடம் போய்விடுகிறார்கள். 1975இல் வந்த அவருடைய நூலில் கொள்ளைநோய் பீடித்த நகரம் ஒன்று வரும்: தெருவுக்குத் தெரு காவல், வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு. 2020இல் நம்மைச் சுற்றி நடந்ததும் இதுதான் என்று பேசினோம், எழுதினோம். தப்பில்லை. ஆனால் இந்த வாசிப்பில் ஆலைவாசல் விடுபட்டுப் போயிற்று என்பது என் எண்ணம். தெருவில் நடந்தவர்களைத் தடியெடுத்து விரட்டிய அதே அரசு, ஆலைக்குள் முதலாளி மேல் வைத்திருந்த கண்ணை மெல்ல எடுத்துக்கொண்டது. கண்காணிப்பைப் போலவே கண்ணை மூடிக்கொள்வதும் அதிகாரம்தானே.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் கண்டது. மறுவருடம் பிப்ரவரியில் வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தில் நான்கே பிரிவுகள். பிரயாணியைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மேல் வழக்குக் கிடையாது. முதலாளியின் கடமை? ஒரு சொல்கூட இல்லை. கூலிக்காரர் அதன் பார்வையில் நோய் சுமக்கும் உடல், அவ்வளவுதான். மில் தொழிலாளர்கள் சட்டத்தை நம்பிக்கொண்டு நிற்கவில்லை. ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நகரத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேறினார்கள். சம்பளத்தை நிலுவையில் பிடித்து வைத்தே பழகிய மில்காரர்கள், ஆள் கிடைக்காமல் அன்றாடம் கூலி கொடுக்க இறங்கி வந்தார்கள்.

கடமை சட்டத்தில் பொதுவாக எழுதப்பட்டது வெகு பின்னால். 1984இல் போபால் நடந்து, 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, வேலையிலிருக்கும் தொழிலாளியின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆலையை நடத்துபவரே பொறுப்பு என்று வந்தது. ‘நடைமுறையில் நியாயமாகச் சாத்தியமான அளவுக்கு’ என்று ஒரு வாலும் ஒட்டியிருந்தது.

2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஒரு அறிவிக்கை போட்டது. ‘பொது நெருக்கடி’யில் ஆலைகளுக்கு விலக்களிக்க இடம்தரும் ஐந்தாம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம் என்றது. கூலிக்கு உதாரணமும் கொடுத்தது: எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டுக்கு 120. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்ற சட்டப்படி 160 வரவேண்டும். நோய்த்தொற்றுக் காலத்தில் மூடிய கூடத்துக்குள் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதானே பாதுகாப்பு? இங்கே நேரமும் கூடிற்று, கூலியும் வெட்டுப்பட்டது. குஜராத் மஸ்தூர் சபா வழக்குக்குப் போனது. அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. போர், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு வரும் ஆபத்தே அந்தப் பிரிவு சொல்லும் பொது நெருக்கடி. பெருந்தொற்று அதில் அடங்காது என்றது. ஓவர்டைம் கூலியையும் கொடுக்கச் சொன்னது.

2021 மே, இரண்டாம் அலை. தமிழ்நாட்டில் ஊரடங்கு; கார் ஆலைகளுக்கு, வழக்கம்போல, விலக்கு. ஒரகடம் ரெனோ நிஸான் ஆலையில் இடைவெளி பேணப்படவில்லை என்று சங்கம் உயர்நீதிமன்றம் போயிற்று. எல்லா விதியையும் கடைப்பிடிக்கிறோம் என்றது நிர்வாகம். மே 24 அன்று ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஆலை மூடல். ரெனோ நிஸான் சங்கமும் வேலைநிறுத்தம் என்றது. அந்த ஆலையும் அதே வாரம் மூடப்பட்டது. அப்புறம் நடந்த வாதம் எதில் வந்து நின்றது தெரியுமா? ஓடுகிற லைனில் எத்தனை காருக்கு ஒரு இடம் காலியாக விடுவது என்பதில். காலியிடம் விட்டால் மணிக்கு வெளிவரும் கார் குறையும். கடைத்தெருவில் சுண்ணாம்பு வட்டமாக இருந்த இடைவெளி, ஆலைக்குள் உற்பத்தி வேகமாகிவிடுகிறது. ‘சாத்தியமான அளவு’ எது என்று யார் சொல்வது என்பதே அங்கு நடந்த சண்டை.

குஜராத் தீர்ப்பை நாம் கொண்டாடியபோது கவனிக்காத ஒன்று உண்டு. அதற்கு எட்டு நாள் முன்பு, எதிர்க்கட்சிகள் வெளியே இருக்க, மாநிலங்களவை புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பை நிறைவேற்றியிருந்தது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருப்பது அதுதான். பொது நெருக்கடியில் விலக்களிக்கும் அதிகாரம் அதிலும் உண்டு. பக்கத்திலேயே ‘பேரிடர்’, ‘பெருந்தொற்று’ என்று இரண்டு சொற்களையும் சேர்த்துவிட்டார்கள். விலக்கின் காலம் பழைய சட்டத்தில் ஒரு தடவைக்கு மூன்று மாதம், இதில் ஓராண்டு.